சூப்பான் மரத்தில் ஒரு பைப்

அந்த வருடம் எங்கள் வீட்டில் வாயில் எதையும் சொருகிக்கொள்ளாமல் இருந்தவள் என் மனைவி விபேகா ஒருத்திதான். மகள் லேர்காவின் வாயில் ரப்பர்ச் சூப்பான். என் வாயில் பைப். சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தால் பேச்செல்லாம் விபேகாவுடையது, தலையாட்டல் எல்லாம் எங்களுடையது.

எனக்கு உருளைக்கிழங்கு வியாபாரம். கோபன்ஹேகன் சதுக்கத்துச் சந்தையில் என் அப்பா போட்ட கடை. அந்தக் கடை மேசைக்கு அடியில், கிழங்குப் பெட்டிகளுக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்தவன் நான். எழுத்துத் தெரிவதற்கு முன்பே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. வாங்க வந்தவர் கிழங்கையே பார்த்துக்கொண்டு நின்றால் நாமும் எதையாவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் வாயைத் திறக்கிறவர் விலையில் இறங்க வேண்டியவர். அப்படி நிற்பதற்குப் பைப்பைப் போல உதவியான சாமான் வேறு கிடையாது. புகையிலையை அமுக்கலாம், தீக்குச்சியைத் தேடலாம், இழுக்கலாம், அணைந்துவிட்டதா என்று உள்ளே எட்டிப் பார்க்கலாம். அதற்குள் எதிரில் நிற்கிறவருக்குக் கால் வலிக்க ஆரம்பித்துவிடும். "சரிப்பா, ரெண்டு கிலோ போடு" என்பார்.

சனிக்கிழமைகளில் லேர்காவும் கடைக்கு வருவாள். கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, கால்களை ஆட்டியபடி, சூப்பானைச் சப்பிக்கொண்டு, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் ஒரு கிலோ கூடுதலாக வாங்கினார்கள். அவள் சூப்பானை எடுத்தால்தான் எனக்கு நஷ்டம். ஒருமுறை ஃபர் கோட் போட்ட ஒரு சீமாட்டி, "இன்னிக்கு வந்த கிழங்காம்மா இது?" என்று குனிந்து கேட்டாள். லேர்கா சூப்பானை வெளியே எடுத்தாள். "இது போன வாரமும் இருந்துச்சு" என்றாள். திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள்.

பக்கத்துப் பூக்கடை குத்ரூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யோர்ன், உன் பொண்ணு வாய்க்கு அந்த மூடி ரொம்ப அவசியம்ப்பா. கழட்டிராத."

கழற்றத்தான் வேண்டியிருந்தது. லேர்காவுக்கு நாலு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கான பல் டாக்டர் அம்மாள் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மேல் பற்கள் முன்னால் தள்ளிக்கொண்டு வருகின்றன, இந்தக் கோடைக்குள் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் பைப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் தோட்டத்தில் சூப்பான் மரம் நிற்கிறது. பிள்ளைகள் தங்கள் சூப்பானை ரிப்பனில் கட்டி அந்த மரத்தில் மாட்டிவிட்டு வருவார்கள். மாட்டிவிட்டால் அன்றிலிருந்து பெரிய பிள்ளை. கேக் உண்டு, காகிதக் கொடி உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கலர் கலராகக் காய்த்துத் தொங்குகிற மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும், எத்தனை வீட்டின் தூக்கம் அங்கே தொங்குகிறது என்று.

விபேகா ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிட்டாள். லேர்காவைச் சம்மதிக்க வைக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. "நீதானே வியாபாரி, வித்துக் காட்டு" என்றாள்.

ரை ரொட்டியும் ஈரல் விழுதும் மேசையில் இருந்தன. நான் பைப்பைப் பற்ற வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"லேர்கா, செல்லம், நீ சூப்பானை மரத்துக்குக் குடுத்தேன்னு வையி, அப்பா உனக்குச் சிவப்பு சைக்கிள் வாங்கித் தருவேன்."

சூப்பானை எடுத்தாள். "வேணாம்." வைத்துக்கொண்டாள்.

"மணி வச்ச சைக்கிள்."

எடுத்தாள். "வேணாம்." வைத்துக்கொண்டாள்.

"சரி, முயல்? உசுருள்ள முயல்."

"யோர்ன்!" என்றாள் விபேகா. முயல் விஷயத்தை நான் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

லேர்கா இந்த முறை எடுக்கவில்லை. சப்பிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நானும் பைப்பை இழுத்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது. சந்தையில் கிழட்டுத் தரகர்களையே நின்று தோற்கடித்தவன் நான். அன்று என் சமையலறையில், என் காசில் வாங்கிய நாற்காலியில், முதலில் வாயைத் திறந்தவனும் நான்தான்.

"அப்ப உனக்கு என்னதான்டி வேணும்? நீயே சொல்லு."

மெதுவாகச் சூப்பானை எடுத்தாள். அதாலேயே என் பைப்பைக் காட்டினாள்.

"நீ உன்னோடத மாட்டு. நான் என்னோடத மாட்டறேன்."

விபேகா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பால் ஜாடி தளும்பியது. "குடுக்கறேன்னு சொல்லுப்பா வியாபாரி! நல்ல விலைதானே!"

"இது சூப்பான் இல்லம்மா, பைப். பெரியவங்க சாமான்."

"நீயும் சூப்பறதானே?" என்றாள் லேர்கா.

பதில் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். என் பைப்பின் வாய்ப்பக்கத்தில் பல் பதிந்த பள்ளம் இருந்தது. அவள் சூப்பானிலும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து யாராவது நியாயம் கேட்டால் எந்தக் கோர்ட்டிலும் என் வழக்கு நிற்காது.

ஒப்புக்கொண்டேன். லேர்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எங்கள் ஊரில் பரிசு கொடுத்தால் பிடிக்காதபோது கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு ஒட்டித்தான் கொடுப்பார்கள். அது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். "திரும்ப வாங்கிக்கலாமா?" என்று கேட்டாள். நான் யோசித்துச் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்க்கலாம். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து 'எனக்கு வேணும்' என்று சொல்லிவிட்டால் ரெண்டு பேரும் கழற்றிக்கொள்ளலாம். சொல்லாத வரைக்கும் ரெண்டும் மரத்தில்தான்.

அவள் கையை நீட்டினாள். சந்தையில் நாங்கள் பேரம் முடிந்தால் செய்வது போல உள்ளங்கையில் ஓர் அறை. நானும் திருப்பி அறைந்தேன். அப்படி அறைந்த பேச்சை எங்கள் குடும்பத்தில் யாரும் மாற்றியதில்லை. வெங்காயம் முழுக்க அழுகியிருந்தும் என் அப்பா மாற்றவில்லை.

மே மாதத்து அந்தச் சனிக்கிழமை தோட்டத்தில் ஐந்தாறு குடும்பங்கள் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தன. விபேகா ஏணி மாதிரி என் தோளைப் பயன்படுத்தி லேர்காவை ஏற்றினாள். மஞ்சள் ரிப்பனில் கட்டிய நீலச் சூப்பான். லேர்கா கடைசியாக ஒரு முறை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, எச்சிலைத் துடைத்து, கிளையில் மாட்டினாள். பக்கத்துப் போர்வைக்காரர்கள் கை தட்டினார்கள்.

பிறகு நான். விபேகா அதே மஞ்சள் ரிப்பனின் மிச்சத்தை என் பைப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுத் தந்தாள். மாட்டினேன். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. ஒரு பெண் எழுந்து வந்து மரியாதையாகக் கேட்டாள்: "எத்தனை வயசாகுது உங்களுக்கு?"

"முப்பத்தெட்டு."

"கொஞ்சம் லேட்டுதான்," என்றாள். "ஆனா பரவால்ல. பல்லு நேராயிடும்."

முதல் வாரம் வீட்டில் இருந்தவர்கள் யாரும் மனிதர்களாக இல்லை. லேர்கா தலையணையைக் கடித்தாள். நான் பென்சிலைக் கடித்தேன். காலையில் காலணிக்குள் கால் நுழையவில்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். "ரெண்டு பேரையும் அந்த மரத்திலயே மாட்டிட்டு வந்திருக்கணும்" என்றாள் விபேகா.

கடையில் நிலைமை இன்னும் மோசம். பைப் இல்லாமல் எனக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை. வருகிறவர் கிழங்கைத் தொட்டதுமே, "எடுத்துக்கங்க, குறைச்சுப் போட்டுத் தர்றேன்" என்று வாய் தானாக ஓடிற்று. குத்ரூன் ஒரு கேரட்டை எடுத்து என் வாயில் செருகினாள்.

"இதயாவது கடி. இப்படியே போனா நீ கடையவே தானம் பண்ணிருவ."

"போய் எடுத்துக்கிட்டா என்ன குத்ரூன்? அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அவளுக்கா? நாலு தெருவுக்கு அப்பால வர்ற புகையிலை வாசனைய மோந்துருவா. அவ உன் பொண்ணுடா."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மரத்தடியில் போய் நின்றோம். லேர்காவைத் தோளில் தூக்கிக்கொண்டேன். அவள் சூப்பானைப் பார்த்தாள். நான் பைப்பைப் பார்த்தேன்.

"அப்பா, உனக்கு எதாச்சும் சொல்லணுமா?"

"இல்லையே. உனக்கு?"

"இல்ல."

நின்றோம். வாத்து ஒன்று வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"பாவம், உன் சூப்பான். நேத்து மழையில நனைஞ்சிருக்கும்," என்றேன்.

"உன் பைப்புந்தான் நனைஞ்சிருக்கும்."

"எனக்கொண்ணுமில்ல. அது மரம். காஞ்சிரும்."

"என்னோடது ரப்பர். நனையவே நனையாது."

திரும்பி வரும்போது ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டோம். இருவரும் கொஞ்சம் அதிகமாகவே நக்கினோம்.

இப்படி அந்தக் கோடை போயிற்று. இப்போது நினைத்தால், என் வாழ்நாளில் மனம் ஒன்றி நடத்திய பேரம் அதுதான். சரக்குக்காரனும் நான், வாங்க நிற்பவனும் நான், எதிரில் என் முழங்கால் உயரத்தில் ஒருத்தி. அவள் தந்திரம் செய்யத் தொடங்கினாள். நர்சரியில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். நான்தான், தொப்பியோடு. வாயிலிருந்து பெரிய கறுப்பு மேகம் கிளம்பியது.

"இதுல நீ ரொம்ப அழகா இருக்கேப்பா," என்றாள். "இப்ப அவ்வளவு அழகா இல்ல."

விபேகா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

நானும் சும்மா இருக்கவில்லை. அவளோடு படிக்கிற ஸிஃப் என்ற பெண் இன்னும் சூப்பான் வைத்திருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். "அவ சின்னப் பிள்ளப்பா" என்று முடித்துவிட்டாள். இத்தனைக்கும் ஸிஃப் இவளைவிட ஒரு தலை உயரம்.

வெளியில் யார் பார்த்தாலும் நான் மகளின் பல்லுக்காகப் பாடுபடுகிற தகப்பன். உள்ளே நிலைமை வேறு. அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குப் பைப் வந்துவிடும். அவள் தோற்பதில் எனக்கு லாபம். வியாபாரத்தில் இப்படிப்பட்ட தரகனை யாரும் கடைக்குள் சேர்க்க மாட்டார்கள்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காதுவலியும் சேர்ந்துகொண்டது. கடையைக் குத்ரூனிடம் விட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வெளியே மழை. சோபாவில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கன்னம் சிவந்திருந்தது. வாய் மட்டும் தனியாக அசைந்துகொண்டிருந்தது, ஒன்றுமில்லாததைச் சப்புகிற மாதிரி. ஆனால் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்க, என்னைப் பார்த்தாளே தவிர, வாயைத் திறந்து கேட்கவில்லை.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மழைக் கோட்டை எடுத்து மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் விபேகா.

"தோட்டத்துக்கு. எடுத்துட்டு வந்துர்றேன். காய்ச்சல்ல புள்ள தவிக்குது, கண்ணு தெரியலயா உனக்கு?"

"தெரியுது." அவள் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "யோர்ன், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. அவளுக்காகப் போறியா, உனக்காகப் போறியா?"

ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றேன். பொய் சொல்ல நேரமிருந்தது. சந்தையில் இதைவிடக் குறைந்த நேரத்தில் இதைவிடப் பெரிய பொய் சொல்லியிருக்கிறேன். அன்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். சோபாவில் போய் உட்கார்ந்து லேர்காவை மடியில் எடுத்துக்கொண்டேன். உடம்பு அடுப்பில் வெந்த கிழங்கு மாதிரி சுட்டது. என் சட்டையின் மேல் பொத்தானைத் தேடிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள்.

மழை விட்ட பிறகும் நான் அசையவில்லை. விபேகா காபி கொண்டுவந்து, நான் கையை எடுக்க முடியாது என்று பார்த்து, அவளே எனக்குப் புகட்டினாள். "ரெண்டு புள்ள வளக்கறேன் நான்" என்றாள்.

காய்ச்சல் போயிற்று. அதோடு வேறு ஏதோவும் போயிருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியவில்லை. ஆகஸ்டில் பிறந்தநாள் வந்தது. தலையணை கடிப்பது நின்றது. பல் டாக்டர் அம்மாள் வாயைப் பார்த்துவிட்டு, "பேஷ்" என்றாள். மணி வைத்த சிவப்பு சைக்கிள் எப்படியோ வந்து சேர்ந்தது. யார் கேட்டார்கள் என்று தெரியாது, நான்தான் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேலை வர ஆரம்பித்தது. "இன்னிக்கு ஸிஃப் வீட்டுக்குப் போறேன்ப்பா." "இன்னிக்கு மழையா இருக்குப்பா." "நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வாயேன்." நான் மட்டும் போவதா? எதிராளி இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது? போகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று கேட்டால், பைப்புக்காக என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, உதிர்ந்து கிடக்கிற கஷ்கொட்டைக் காய் பொறுக்கலாம் என்று ஆசை காட்டி அழைத்துப் போனேன். அங்கே தீக்குச்சி செருகி மிருகங்கள் செய்ய எல்லாப் பிள்ளைகளும் கஷ்கொட்டை பொறுக்குவார்கள். சூப்பான் மரத்தின் இலை பாதிக்கு மேல் கொட்டியிருந்தது. கோடை முழுக்க இலைக்குள் ஒளிந்திருந்த சூப்பான்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. மழையில் ரிப்பன்கள் வெளுத்திருந்தன. என் பைப் அப்படியே இருந்தது, கொஞ்சம் கறுத்து, எந்தப் பறவையோ எச்சமிட்டு. அதற்குப் பக்கத்தில், என் மூக்குக்கு நேராக, அவள் சூப்பான்.

அவளைத் தூக்கினேன். கனத்தாள். மே மாதத்தில் இத்தனை கனம் இல்லை.

"பாத்தியா?" என்றேன்.

"எதப்பா?"

"உன்னோடத."

கிளை கிளையாகப் பார்த்தாள். முகத்தில் ஒரு மரியாதை இருந்தது, தெரியாதவர்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிறவளின் மரியாதை. பிறகு கையை நீட்டி, மேலே ஒரு கிளையில் தொங்கிய பச்சைச் சூப்பானைக் காட்டினாள்.

"அதுதானே?"

நீலம். மஞ்சள் ரிப்பன். ஓரத்தில் பல் பதிந்த பள்ளம். என் மூச்சுக்காற்று பட்டு அது மெல்ல ஆடியது.

"அதேதான்," என்றேன்.

"குட்டியூண்டா இருக்கு." தோளிலிருந்து சறுக்கி இறங்கினாள். "அப்பா, உனக்கு எதாச்சும் சொல்லணுமா?"

இது வழக்கமாக அவள் கேட்கிற கேள்விதான். ஆனால் அன்று அவள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. புல்லில் கிடந்த ஒரு கஷ்கொட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். 'எனக்கு வேணும்' என்று நான் சொல்லியிருந்தால், "சரிப்பா எடுத்துக்கோ" என்றிருப்பாள். அவ்வளவு சுலபம். மே மாதத்திலிருந்து நான் காத்திருந்த விலை, பைசா குறையாமல் எதிரில் வந்து நின்றது.

"இல்லம்மா," என்றேன். "உனக்கு?"

அவள் ஏற்கெனவே ஓடியிருந்தாள். மரங்களுக்கு அப்பால் சிவப்புத் தொப்பி குனிவதும் நிமிர்வதுமாகத் தெரிந்தது. கோட்டுப் பையில் கஷ்கொட்டை நிறைத்துக்கொண்டிருந்தாள்.

கையை உயர்த்தினேன். பைப் விரலில் பட்டது, குளிர்ந்திருந்தது. முடிச்சை ஒரு இழுப்பில் அவிழ்த்துவிடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். பேரம் பேச எதிரில் யாரும் இல்லை. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பைப்பை விட்டுவிட்டு நீலச் சூப்பானின் ரிப்பனைப் பிடித்தேன். காற்றில் முடிச்சு தளர்ந்திருந்தது. அதை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"அப்பா! வாயேன்! இங்க நிறையக் கிடக்குது!"

"வர்றேன்டி," என்று கத்திவிட்டு, அவளை நோக்கி நடந்தேன்.